கைக்கு ஒரு பால் டின்

சார், உங்கள் பேட்டரி இன்று காலையில் என் காலில் விழுந்தது.

அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், பழைய இடியப்பத் தட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். ஒரு பால் டின் உருண்டு வந்து சரியாகப் பெருவிரலில் இறங்கியது. வலியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். குனிந்து எடுத்துப் பார்த்தால், டின்னைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, கோடு போட்ட மாதிரி இருக்கும் உங்கள் எழுத்தில் ‘பேட்டரி’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே மணல், மேலே மெழுகு. வானத்துக்குப் போகிற சாமானாக வேஷம் கட்டிய டின், என் நகத்தைக் கறுப்பாக்கிவிட்டது. சொன்ன கெட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பாதியை மட்டும்.

கடையை மாற்றுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசையை இடிக்கப் போகிறார்கள். ரயில் பெட்டிகள் நின்ற பக்கம் பெரிய ஸ்டேஷன் வருகிறதாம். சாலாக் செலாத்தானில் ஒரு மூலைக் கடை பார்த்திருக்கிறோம். நாளை காலை லோரி வரும். பாத்திரம் பாத்திரமாகக் கட்டிக் கட்டி என் இடுப்பு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. யாரையும் கிண்டல் பண்ணக்கூடத் தெம்பில்லை. பாத்திரம் கழுவும் லெட்சுமி காலையிலிருந்து என் முகத்தையே பார்க்கிறாள். வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறேன் என்றால் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துவிட்டாள் போல.

அலமாரியை முழுக்க இறக்கினேன். ரேடியோ வந்தது, கேமரா வந்தது, சக்கரம் வந்தது. எல்லாம் மணல் டின்கள்தான். கடைசியாக ஒன்று கனமே இல்லாமல் வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. கிள்ளான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட மாட்டீர்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் முதலில் வந்தது மத்தியானக் கூட்டம் வடிந்த நேரத்தில். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பால் இல்லாத தே-ஓ கேட்டீர்கள், வடை வேண்டாம் என்றீர்கள். வடை வேண்டாம் என்று சொல்கிற மனுஷன் என் கடையில் அதிக நாள் தாங்க மாட்டான் என்று நினைத்தேன். நீங்கள் தாங்கினீர்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க இன்ஜினியர், பேசுகிற வார்த்தையை எண்ணிப் போடுகிற ஆள். நான் பேசுகிறதை யாரும் எண்ணி முடித்ததில்லை. அதனால் நமக்குள் கணக்கு நேராகிவிட்டது.

உங்கள் ஆபீசில் வானத்துக்கு அனுப்பச் சின்னதாக ஒன்று செய்கிறார்கள் என்று சொன்னீர்கள். ஃபிரிட்ஜில் பாதிகூட இருக்காது. பூமியைச் சுற்றிக்கொண்டே படம் பிடித்து அனுப்பும். அந்தப் பெட்டிக்குள் எந்தச் சாமான் எங்கே உட்கார வேண்டும் என்பது உங்கள் வேலை. ‘இதுக்கா இத்தனை படிப்பு? எங்க அம்மா டிரங்குப் பெட்டி அடுக்குன அழகைப் பாத்திருக்கணும்’ என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டி ஒரு பக்கம் கனத்தால் மேலே போய்த் தள்ளாடும், படம் எடுக்காது என்றீர்கள். சூடாகிறது பேட்டரியை ஒட்டி இருந்தால் பேட்டரி செத்துப்போகும். ஒயர் நீண்டால் எடை கூடும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெட்டுப்போகும்.

வெளிநாட்டிலிருந்து ஆயத்தமாக ஒரு வரைபடம் வந்திருந்தது. அதையே போட்டுவிடலாம் என்று ஆபீசில் பாதிப் பேர் சொன்னார்கள். நீங்கள்தான் ஒற்றைக் காலில் நின்று, நம்முடைய பெட்டிக்கு நம்முடைய அடுக்கு வேண்டும் என்று தவணை வாங்கியிருந்தீர்கள். தவணை என்பது உங்கள் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள். அன்றோடு பென்ஷன். அதற்குள் அடுக்கு தேறாவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் வெளிநாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்வார். ஏன் இந்த வீம்பு என்று ஒருநாள் கேட்டேன். கிளாஸைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

“சர்வீஸ் முழுக்க நான் வரைஞ்சது எல்லாம் கக்கூஸ் குழாய்க்குப் பிடிப்பும் படிக்கட்டுக்குக் கைப்பிடியும்தான் அக்கா. ஒண்டாவது மேல போகட்டும்.”

அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் மட்டும் நான் உங்களைக் கிண்டல் செய்யவில்லை. மற்ற எல்லாவற்றிலும் செய்தேன்.

அடுக்குவது நீங்கள்கூட இல்லை, கம்ப்யூட்டர் என்று தெரிந்தபோது எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. நீங்கள் விளக்கியது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. முதலில், கண்ணை மூடிக்கொண்டு சாமானை எறிவது மாதிரி, அது தானே ஒரு பெருங்கூட்டம் அடுக்குகளைப் போடும். ஒவ்வொன்றுக்கும் மார்க். சாய்ந்தால் குறைப்பு, சூடானால் குறைப்பு, ஒயர் நீண்டால் குறைப்பு. மோசமானதைக் கழித்துவிட்டு, தேறியதை ஜோடி ஜோடியாகச் சேர்க்கும். தாய் அடுக்கிலிருந்து பாதி, தகப்பன் அடுக்கிலிருந்து பாதி எடுத்துக்கொண்டு பிள்ளை அடுக்கு பிறக்கும். எப்போதாவது ஒரு பிள்ளைக்குக் காரணமே இல்லாமல் ஒரு சாமான் இடம் மாறிப் பிறக்கும். மறுபடி மார்க், மறுபடி கழிப்பு, மறுபடி ஜோடி. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஓடவிட்டால், எந்த மனுஷனுக்கும் தோன்றாத அடுக்கு ஒன்று வந்து நிற்கும்.

“அப்ப நீங்க இன்ஜினியர் இல்ல சார். கல்யாணத் தரகர்” என்றேன்.

“ஓம். ஆனா ஒரு கல்யாணத்துக்கும் எனக்குச் சாப்பாடு போடேல்ல” என்றீர்கள்.

அன்றைக்குத்தான் முதல் வடை சாப்பிட்டீர்கள்.

பால் டின் விளையாட்டு அதற்குப் பிறகு வந்தது. கம்ப்யூட்டர் இரவெல்லாம் ஓடும். மறுநாள் மத்தியானம் தேறிய அடுக்கைத் தாளில் எடுத்துக்கொண்டு வருவீர்கள். என் கடையில் கோப்பி கட்டிக் கொடுக்க வைத்திருந்த காலிப் பால் டின்களை வாங்கி, எந்தச் சாமான் எவ்வளவு கனமோ அந்த அளவுக்கு மணல் போட்டு மெழுகு ஊற்றி வைத்தீர்கள். பெட்டிக்குப் பதிலாகச் சதுர பிஸ்கட் டின். நாலு மூலையிலும் ராஃபியா கயிறு கட்டி, வாழைத்தார் தொங்கும் கொக்கியில் மாட்டுவீர்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு இந்த ஊஞ்சல் என்று கேட்டால், கணக்குக்குத் தெரியும், கண்ணுக்கும் ஒருமுறை காட்ட வேண்டும் என்பீர்கள்.

டாக்சி முனியாண்டி அண்ணன் அந்த நேரத்துக்கென்றே வண்டியை நிறுத்திவிட்டு வர ஆரம்பித்தார். வாரக் கடைசியில் போர்ட் கிள்ளானில் தூண்டில் போடுகிறவர். மீன் கடிக்கும் முன் மிதப்பைப் பார்க்கிற மாதிரி உங்கள் பிஸ்கட் டின்னைப் பார்ப்பார். ‘இன்னிக்குக் கேமரா பக்கம் லா, பாருங்க’ என்று சொல்லிவிட்டு ஒரு வடையைப் பந்தயம் வைப்பார். நீங்கள் கையை எடுத்ததும் டின் மெல்ல ஒரு பக்கம் இறங்கும். எங்கள் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, ‘உக்காந்துருச்சு’ என்று மட்டும் சொல்வார். அவர் ஒரு நாளில் பேசுகிறது அவ்வளவுதான்.

நடுவில் ஒரு சங்கடம் வந்தது. நாள் தவறாமல் டின் ஒரே பக்கம் சாய்ந்தது. முனியாண்டி அண்ணன் பந்தயத்தில் ஜெயித்து ஜெயித்து அலுத்துப்போய், வடையைத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் தாள்களைப் பரப்பிக் காட்டினீர்கள். எல்லா அடுக்கும் ஒரே முகம். ஆரம்பத்தில் கொஞ்சம் நல்லதாக வந்த ஒன்றின் வாரிசுகளே கூட்டம் முழுக்கப் பரவி, பழைய தப்பையே பிள்ளை, பேரன் என்று தூக்கிக்கொண்டு திரிகிறதாம்.

“உங்க ஆளுங்க மாதிரியே இருக்கு சார். வெளிய பொண்ணு குடுக்க மாட்டீங்க, எடுக்கவும் மாட்டீங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். இந்த வியாதிக்கு உங்கள் வேலையில் பெயரே இருக்கிறதென்றும், தெரிந்திருந்தும் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும் சொன்னீர்கள். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் ஆட்கள் மட்டும் எப்படியாம் என்று கேட்டீர்கள். நான் கட்டிக்கொண்டது என் சொந்தத் தாய்மாமன் மகனை. கல்லாவிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குக் கடையில் எழுந்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் கூட்டத்துக்குள் முன்பின் தெரியாத அடுக்குகள் கொஞ்சத்தைக் கலந்து ஓடவிட்டீர்கள். டின் வேறு வேறு பக்கம் சாயத் தொடங்கியது. முனியாண்டி அண்ணன் மறுபடி தோற்றார். கடை களைகட்டியது.

பிறகு அந்த மத்தியானம். மாட்டினீர்கள், கையை எடுத்தீர்கள், டின் அப்படியே நின்றது. தண்ணீர் ஊற்றினால் வழியாது போல நேராக. ஃபேன் காற்றில் சும்மா சுற்றியதே தவிரச் சாயவில்லை. முனியாண்டி அண்ணன் வாயிலிருந்த வடையை மென்று விழுங்க மறந்தார். சூடும் சரி, ஒயரும் சரி என்றீர்கள். ‘வடிவா இருக்குதானே அக்கா?’ என்று கேட்டீர்கள். உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல், மாதுளை முத்து மாதிரி உட்கார்ந்திருந்தன. உங்கள் பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. நான் கேசரி கிண்டினேன்.

அடுத்த வாரம் முழுக்க நீங்கள் வரவில்லை. பெரிய ஆளாகிவிட்டார், இனி நம் கடைக்கெல்லாம் வருவாரா என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்தது. மழை பெய்கிற ஒரு சாயங்காலம் வந்தீர்கள். குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. சட்டை ஒட்டிக்கொண்டு, தே-ஓ கூடக் கேட்காமல், கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதில் வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது.

மெல்ல மெல்லத்தான் சொன்னீர்கள். நிஜச் சாமான்களை அந்த அடுக்கின்படி பெட்டியில் பொருத்தியிருக்கிறார்கள். எல்லாம் உட்கார்ந்துவிட்டது. கடைசியாக ஒரு பிளக்கை, உள்ளே ஆழத்தில், மாட்ட வேண்டும். உங்கள் டெக்னீசியன் சைத்தோன் கையை விட்டாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. ஆபீசிலேயே சின்னக் கை அவளுடையதுதான். கையைத் திருப்பி, வளைத்து, தோல் சிராய்த்துக்கொண்டு பார்த்தாள். ‘தா மாசோக், எஞ்சே’ என்றாளாம். நுழையவில்லை, ஐயா.

“சாயிறதுக்கு மார்க் போட்டன். சூட்டுக்குப் போட்டன். ஒயருக்குப் போட்டன்” என்றீர்கள். “ஆர் கையை விட்டுப் பூட்டுறது எண்டு அதுக்கு நான் சொல்லவே இல்லை. மெஷினுக்குக் கை கிடையாது. அதுக்குக் கையைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு ரெண்டு கை இருந்துது அக்கா. நான் மறந்திட்டன்.”

டவலை எடுத்துக் கொடுத்தேன். அது மேசை துடைக்கிற டவல் என்று பிறகுதான் பார்த்தேன். நீங்களும் பார்க்கவில்லை.

வழி இருக்கிறது என்றும் நீங்களே சொன்னீர்கள். கை போகிற அளவு காலி இடத்தையும் ஒரு சாமான் மாதிரிச் சேர்த்து, மறுபடி ஓடவிடலாம். இருக்கிற நாளுக்குள் முடியும். ஆனால் எல்லாம் விலகி உட்கார்ந்தால் அந்த அழகு போய்விடும். பெட்டி கொஞ்சம் சாயும். சாய்வை நேராக்க ஒரு மூலையில் ஈயத் துண்டு வைக்க வேண்டிவரும். வேலை செய்யாத எடை. ஒரு கிராம் கூட்டினாலும் சண்டைக்கு வருகிற இடத்தில், சும்மா கிடக்க ஈயத்தை மேலே அனுப்புவதா? அதற்கு வெளிநாட்டு வரைபடத்தையே போட்டுத் தொலைக்கலாம். தோற்றதாவது சுத்தமாக இருக்கும். இப்படிச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

நான் ஒன்றும் யோசித்துப் பேசவில்லை சார். அதை இன்றைக்கும் சொல்கிறேன். வாயில் வந்தது.

“உக்காருங்க. எங்க வீட்டுக்காரரப் பாருங்க. லோரியிலருந்து விழுந்து கால் போனதிலருந்து அந்த மூலையிலதான் உக்காந்திருக்காரு. வேலை செய்யாத எடைதான். அவர எடுத்துப் பாருங்க, இந்தக் கடை எந்தப் பக்கம் சாயுதுன்னு.”

கல்லாவில் இருந்தவர் பேப்பரை மடித்து வைத்தார். ஒருவேளை கோபம் வந்துவிட்டதோ என்று பார்த்தேன். “நான் கிராம் கணக்கு இல்ல சார். எழுபது கிலோ” என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது. நீங்கள் சிரித்தீர்கள். தோளெல்லாம் குலுங்க, மழைத் தண்ணீர் மேசையில் சொட்டச் சிரித்தீர்கள். சிரிப்பு நின்றதும் குடையை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தீர்கள். பிறகு ஒரு காலிப் பால் டின் கேட்டீர்கள்.

அதில் மணல் போடவில்லை. காகிதம் ஒட்டி, பேனாவை எடுத்து, ‘கை’ என்று எழுதினீர்கள்.

அந்தக் கடைசி வாரங்களில் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கே அசதியாக இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, சவரம் மறந்து, சோறு போட்டால் பாதியில் எழுந்துபோவீர்கள். ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் காலி டின்னும் மற்ற டின்களோடு பிஸ்கட் டின்னுக்குள் இடம் பிடித்தது. ஒருநாள் நடுவில், ஒருநாள் ஓரத்தில். அது எங்கே இருந்தாலும் மற்றவை விலகிக் கொடுத்தன. கடைசியில் ஒரு அடுக்கு தேறியது. பழையதன் அழகு இல்லை. ஏதோ கலியாண வீட்டில் லேட்டாக வந்தவருக்குப் பந்தியில் ஒதுங்கி இடம் விட்ட மாதிரி இருந்தது. மாட்டினீர்கள். கொஞ்சம் சாய்ந்தது. யாரும் வடை பந்தயம் வைக்கவில்லை. முனியாண்டி அண்ணன் எழுந்து வெளியே போய், டாக்சியிலிருந்து தூண்டில் டப்பாவைக் கொண்டுவந்தார். ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக மூலையில் வைத்துப் பார்த்தார். ஒரு குண்டில் டின் நேராகிவிட்டது. ‘மீன் மாட்டிக்கிச்சு லா’ என்றார்.

மறுநாள் நீங்கள் சைத்தோனையே கூட்டிக்கொண்டு வந்தீர்கள். தலைத்துண்டைச் சரி செய்துகொண்டு, கூச்சத்தோடு, ‘கை’ டின்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் கையை விட்டாள். விரல் உள்ளே போய், மணிக்கட்டு போய், முழங்கை வரை போனது. ‘மாசோக்’ என்றாள். போனது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆபீசில் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், சுடவைத்துப் பார்த்தார்கள். பிறந்தநாளுக்கு முன்பே பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். பிறந்தநாள் அன்று உங்களுக்கு மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதை நேராக என் கடைக்குக் கொண்டுவந்து, வீட்டில் ஏற்கனவே இரண்டு இருக்கிறது என்று சொல்லி, கல்லாவுக்கு மேலே மாட்டினீர்கள். இன்றைக்கு அதையும்தான் கழற்றினேன்.

பெட்டி மேலே போனபோது நீங்கள் பென்ஷன்காரர். ஏவுவதற்காக அதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போனவர்களில் நீங்கள் இல்லை, பேப்பரில் வந்த படத்திலும் இல்லை. உங்களுக்காக நான் ஏசினேன். நீங்கள் ஏசவில்லை. அது சிக்னல் அனுப்பியதாகச் சைத்தோன் போன் பண்ணிச் சொன்ன அன்று, கடை வாசலில் வந்து நின்று, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தீர்கள். பகலில் தெரியாது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கைக்கு விட்ட இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். ‘ஒண்டும் இல்லை. சும்மா இடம்’ என்றீர்கள்.

“அப்ப இவ்வளவு பாடுபட்டு, காலி இடத்தையா சார் வானத்துக்கு அனுப்பி வச்சீங்க?”

“ஓம் அக்கா. அதோட முனியாண்டியின்ர தூண்டில் ஈயத்துக்கு ஒரு தம்பியும்.”

அதைக் கேட்ட முனியாண்டி அண்ணனை ஒரு மாதத்துக்குக் கையில் பிடிக்க முடியவில்லை. டாக்சியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போனது தூக்கத்தில். எங்களுக்குக் காலையில் தகவல் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் வந்தோம். உங்கள் வீட்டு வாசலை நான் அன்றைக்குத்தான் மிதித்தேன். இத்தனை நாள் பழகியும் நீங்கள்தான் கடைக்கு வந்தீர்கள், நான் வந்ததில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நடையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி உயரமாக ஒரு செருப்பு அலமாரி. பென்ஷன் வாங்கிய பிறகு நீங்களே செய்தது என்று உங்கள் வீட்டு அம்மா சொன்னார்கள். கனகச்சிதமாக இருந்தது.

அந்தக் கச்சிதம்தான் வம்பாகிவிட்டது. சவப்பெட்டியைக் கொண்டுவந்தபோது அது காலி. நிமிர்த்திச் சாய்த்து அந்த நடையில் நுழைத்துவிட்டார்கள். வெளியே எடுக்கும்போது உள்ளே நீங்கள். நிமிர்த்த முடியாது. இந்தப் பக்கம் திருப்பினால் அலமாரி, அந்தப் பக்கம் திருப்பினால் சுவர். தூக்கியவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. பெட்டியை மறுபடி ஹாலில் இறக்கி வைத்தார்கள். முனியாண்டி அண்ணன் என் காதருகே வந்து, “சார் இதுக்கு மார்க் போட மறந்துட்டாரு லா” என்றார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல நானும் அதையேதான் தயாராக வைத்திருந்தேன். சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்கள் மருமகன் சுத்தியல் கேட்டார். அலமாரியை உடைத்துவிடலாம், நேரமாகிறது என்றார். உங்கள் வீட்டு அம்மா தரையில் உட்கார்ந்தபடியே, “உடைக்காதேங்கோ. அவர் செய்தது” என்றார்கள். சத்தமாகக்கூட இல்லை. மருமகன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். சுவரோடு எப்படிப் பூட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்னால் ஒரு ஸ்க்ரூவும் கண்ணில் படவில்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்த சைத்தோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அலமாரியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு இடைவெளி. அதற்குள் கையை விட்டாள். விரல் போனது, மணிக்கட்டு போனது, முழங்கை போனது. உள்ளே எதையோ திருகினாள். விரலாலேயே திருகுகிற நட்டு. ஒன்றைக் கழற்றி வெளியே வைத்தாள், பிறகு இன்னொன்று. ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு பேர் பிடித்து நகர்த்தியதும் அலமாரி முழுசாக விலகி வந்தது.

‘மாசோக்’ என்றாள். யாரிடமும் இல்லை. கழற்றிய நட்டுகளைக் கையில் பொத்திக்கொண்டு, சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

உங்களைக் கொண்டுபோனார்கள். எங்கும் இடிக்கவில்லை.

வானத்தில் இருக்கிற உங்கள் பெட்டி இப்போது படம் அனுப்புவதில்லையாம். அதுவும் பென்ஷன்தான். ஆனால் விழுந்துவிடவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்று சைத்தோன் சொல்கிறாள். இந்தக் கடை இடிந்து, ஸ்டேஷன் எழும்பி, நான் சாலாக் செலாத்தானில் வடை சுடும்போதும், ஒரு கை போகிற அளவு காலி இடம் என் தலைக்கு மேலே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அதை நினைத்தால் ஏனோ இந்த இடுப்பு வலி கொஞ்சம் தாங்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

இவ்வளவு நேரமும் எங்கள் வீட்டுக்காரர் கல்லா இருந்த இடத்தில் சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லாவை எடுத்துவிட்டோம், ஆளை எடுக்கவில்லை. காலையிலிருந்து பாத்திரம் அடுக்குகிறேன். பெரிய சட்டிக்குள் நடுச் சட்டி, நடுச் சட்டிக்குள் கரண்டி, கரண்டிச் சந்தில் மிளகாய்ப் பொட்டலம். ஒரு இண்டு இடுக்கு விடவில்லை. லோரியில் இடம் பத்தாது. என் கையிலிருந்த டின்னைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“காலி டின்ன எதுக்குக் கட்டுற? அதுல கிராம்பப் போடேன்.”

“காலி இல்லங்க” என்றேன். “அதுல ஆள் இருக்கு.”

அவர் எழுத்தைப் படித்தார். கிராம்புப் பொட்டலத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்குப் பேச வேண்டியதைப் பேசிவிட்டார்.

லெட்சுமி வெகு நேரமாகப் பெரிய சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். காலையிலிருந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான்தான், விடு விடு, எனக்குத் தெரியும் என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கடுதாசியை மடித்து ‘கை’ டின்னில் வைத்துவிட்டு எழுந்திருக்கப் போகிறேன் சார். சட்டியின் இந்தக் காதை நான் பிடிக்கிறேன். அந்தக் காதை அவள் பிடிக்கட்டும்.